‘கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்’ விற்கிறார்கள்: போட்டோகிராபர்களே, பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு நிறுவனம் போட்டோகிராபர்களைக் குறிவைத்து ஒரு மென்பொருளை விற்கிறது. உங்கள் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வாட்டர்மார்க், அதாவது உரிமையாளர் யாரென்று சொல்லும் முத்திரை, வைத்துவிடுவார்களாம். யார் திருடினாலும், வெட்டினாலும், எங்கே ஒட்டினாலும் அது அழியாதாம். கோர்ட்டில் காட்ட ஒரு சான்றிதழும் உண்டாம். வருடத்துக்கு 14,500 ரூபாய்; 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 17,110. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல முடியாது, நுகர்வோர் ஆணையத்தில் என் மனு நிலுவையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் பேசும் பேச்சை வைத்தே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

வடபழனியில் ஒரு ஹாலில்தான் செய்து காட்டினார்கள். விற்பனைப் பையன் கெட்டிக்காரன். “படத்தோட டிஎன்ஏ சார் இது. வெட்டினாலும் போகாது” என்றான். பெரிய திரையில் ஒரு படத்தைத் திறந்து, கீழ்ப்பகுதியை வெட்டி, சேமித்து, அவர்களுடைய சோதனைப் பக்கத்தில் ஏற்றினான். பச்சை விளக்கு எரிந்தது, உரிமையாளர் பெயர் வந்தது. எல்லாரும் கைதட்டினோம். அவன் வெட்டியது ஒவ்வொரு முறையும் கீழ்ப்பக்கத்தைத்தான். சேமித்ததும் படத்தில் எதையும் இழக்காத பிஎன்ஜி ஃபைலாகத்தான், ஒருமுறைகூட சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து, போரூர் பக்கம் ஒரு மீன் சாப்பாட்டு ஓட்டலின் இன்ஸ்டாகிராமில் நான் காசிமேட்டில் எடுத்த படம் கிடந்தது. விடிகாலையில் படகு உள்ளே வரும் படம். இடவலம் மாற்றி, வானத்தைக் கொஞ்சம் வெட்டி, மேலே மெனு எழுதியிருந்தார்கள். படகின் பதிவெண் திரும்பிப்போய் இருந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. கேட்டால், “டிசைனர் குடுத்தாரு சார், அவருக்கு ஏதோ வாட்ஸப் குரூப்ல வந்துச்சாம்” என்றார்கள்.

சரி, இதற்குத்தானே பணம் கட்டினோம் என்று அந்தப் படத்தைச் சோதனைப் பக்கத்தில் ஏற்றினேன். சிவப்பு. ‘குறியீடு எதுவும் இல்லை’ என்று வந்தது. அவர்களுக்குப் போன் போட்டால், முதலில் “நெட் ஸ்லோவா இருக்கும் சார்” என்றார்கள். அப்புறம் “ஒரிஜினல் ஃபைல ஏத்திப் பாருங்க” என்றார்கள். ஒரிஜினல் என்னிடம்தானே இருக்கிறது, திருடன் வைத்திருக்கும் படத்தைத்தானே சோதிக்க வேண்டும் என்றதற்குப் பதில் இல்லை. கடைசியில் கூடுதலாக 9,000 ரூபாய் கட்டினால் ‘ப்ரோ’ வகை இருக்கிறது, அது ஏஐ வைத்துக் கண்டுபிடிக்கும் என்றார்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

என் மனைவியின் தம்பி பொறியியல் கல்லூரியில் சிக்னல் பாடம் எடுக்கிறார். அவரிடம் இரண்டு ஃபைலையும் கொடுத்தேன், முத்திரை வைப்பதற்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று. போட்டோஷாப்பில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, வித்தியாசத்தை மட்டும் காட்டச் சொன்னார். முழுக் கறுப்பு. பிறகு வெளிச்சத்தை இழுத்து ஏற்றினார். படத்தின் உச்சியில், வானத்தின் விளிம்பில் மட்டும் நூல் மாதிரி ஒரு வரிசைப் புள்ளிகள் தெரிந்தன. மீதிப் படம் முழுக்கக் கறுப்பாகவே இருந்தது. “மாமா, மொத்தமே இவ்வளவுதான்” என்றார்.

விஷயம் இதுதான். படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 200 என்பதை 201 ஆக்கினால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. கணினி அந்த எண்ணை 0, 1 என்ற இலக்கங்களாக, அதாவது பிட்களாக, வைத்திருக்கும்; இங்கே மாறுவது கடைசி பிட் மட்டும். அந்தக் கடைசி பிட்டில் என் வாடிக்கையாளர் எண்ணை எழுதியிருக்கிறார்கள், அதுவும் மேலிருந்து தொடங்கி முதல் வரிசையில் மட்டும். மேலே ஒரு கீற்று வெட்டினால் தீர்ந்தது. வெட்டவே வேண்டாம், ஜேபெக்காக ஒருமுறை சேமித்தாலே போதும். ஜேபெக் படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தேவையில்லாத நுணுக்கத்தைத் தூக்கிப் போடும். முதலில் பறிபோவது இந்தக் கடைசி பிட்தான். வாட்ஸப்பும் இன்ஸ்டாகிராமும் நம் படத்தைச் சுருக்கி மறுபடி ஜேபெக் ஆக்குகின்றன. ஆக, திருட்டு நடக்கும் வழியிலேயே முத்திரை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. முத்திரை வைத்த ஃபைல்களை ஏன் பெரிய பிஎன்ஜியாகவே தருகிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். “குவாலிட்டி குறையக் கூடாதுல்ல சார்” என்றார்கள். நல்ல குவாலிட்டி!

இந்தத் தொழில்நுட்பமே பொய் என்று சொல்லவில்லை. முத்திரையைக் கடைசி பிட்டில் ஒளிக்காமல், ஜேபெக் விட்டுவைக்கும் பகுதிகளில் படம் முழுக்கப் பரப்பி வைக்கும் முறையை காக்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 1997-லேயே எழுதிவிட்டார்கள். டிஜிமார்க் நிறுவனத்தின் முத்திரை 1996-லேயே போட்டோஷாப்போடு சேர்ந்து வந்தது. அவை எவ்வளவோ தாங்கும். ஆனால் அதே 1997-ல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஸ்டிர்மார்க் என்ற கருவி, படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு லேசாக இழுத்து வளைத்தே அன்றைய பல முத்திரைகளைப் படிக்க முடியாமல் செய்துவிட்டது. ‘எது செய்தாலும் அழியாது’ என்று எவன் சொன்னாலும் காதில் பூ சுற்றுகிறான் என்றுதான் அர்த்தம்.

எனக்கு வயிறு எரிந்தது அடுத்த விஷயத்தில்தான். முத்திரைக்குக் கடவுச்சொல் மாதிரி ரகசியச் சாவி எதுவும் கிடையாது, வெறும் எண்தான். இதே நிறுவனத்துக்குப் பணம் கட்டிய அசோக் நகர் நண்பர் ஒருவரின் சம்மதத்தோடு, அவருடைய எண்ணை மச்சான் என் காசிமேட்டுப் படத்தில் எழுதினார். சின்னதாய் ஒரு பைத்தான் நிரல், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. அதை நிறுவனத்தின் சோதனைப் பக்கத்தில் ஏற்றினோம். பச்சை விளக்கு! என் படத்துக்கு நண்பர் பெயரில், தங்க முத்திரை போட்ட சான்றிதழ் பிடிஎஃப் ஆக இறங்கியது. திருடனும் வாடிக்கையாளராகச் சேர்ந்தால் போதும், திருடிய படத்துக்கு உரிமைச் சான்றிதழே வாங்கிவிடலாம்.

எவ்வளவு உறுதியான முத்திரையானாலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். முத்திரை ‘யார் பெயர்’ என்று சொல்லும், ‘யார் முதலில்’ என்று சொல்லாது. ஒரே படத்தில் இரண்டு பேர் முத்திரை இருந்தால், தேதிக்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சான்றிதழை உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் நண்பரிடம் காட்டினேன். ‘இந்திய சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் சிரித்துவிட்டார். அந்தச் சட்டமே 2024 ஜூலை 1-லிருந்து இல்லை, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம், அதில் 63-வது பிரிவு. அதன்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இரண்டு பகுதி, ஒன்று ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. இரண்டிலும் ஃபைலின் ஹாஷ் எண் இருக்க வேண்டும், ஒரு பிக்சல் மாறினாலும் மாறிவிடும் எண் அது. இவர்களின் தாளில் ஹாஷும் இல்லை, நிபுணர் கையெழுத்தும் இல்லை. தேதி மட்டும் 2025.

கல்யாண போட்டோகிராபர்களுக்குத்தான் இவர்கள் அதிகம் விற்கிறார்கள், அதனால் இடையில் ஒன்று. காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 17-வது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்காமல், உள்ளே முத்திரை வைத்து என்ன பயன்?

ஓட்டல் விஷயம் முடிந்தது, அந்த மென்பொருளால் அல்ல. கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் என் ரா ஃபைலும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் இருந்தன; அதே படகு தூரத்தில் புள்ளியாய்த் தெரிவதிலிருந்து கரை ஒதுங்குவது வரை வரிசையாக. அவர்கள் வெட்டிய வானமும் என்னிடம்தான் இருந்தது. வக்கீல் நோட்டீஸோடு இவற்றை அனுப்பியதும் லைசென்ஸ் தொகை கொடுத்து, படத்தையும் எடுத்துவிட்டார்கள். தொகை வழக்கமானதைவிடக் கொஞ்சம் குறைவுதான், இருக்கட்டும். படைப்பைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை, உரிமை எடுத்தவுடனே வந்துவிடுகிறது. பதிய நினைத்தால் கலைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். 17,110 இல்லை.

நிறுவனமோ பணத்தைத் திருப்பித் தர மறுத்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டுகிறது: ‘முத்திரை வைப்பது மட்டுமே எங்கள் சேவை, கண்டறிதலுக்கு உத்தரவாதம் இல்லை.’ மேடையில் சொன்னது ஒன்று, தாளில் எழுதியது வேறு. வயிற்றுப் பிழைப்புக்குச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் சொல்வதால் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இதே இடத்தில் ஏமாந்தவர்கள் ரசீதையும் ஒப்பந்தத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்த மாதக் கடைசியில் மறுபடி கூட்டம் போடுகிறார்களாம். போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். முத்திரை வைத்த படத்தை அங்கேயே உங்கள் போனுக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, மேல்பக்கம் கொஞ்சம் வெட்டி, அதைத் திரையில் சோதிக்கச் சொல்லுங்கள்.