பாட்டு கற்க: பக்கத்துத் தெரு டீச்சரா, வீடியோ வகுப்பா?

வேலூரில் பிள்ளையைக் கர்நாடக சங்கீத வகுப்பில் சேர்க்க நினைப்பவர்களுக்கு இப்போது இரண்டு வழி இருக்கிறது. சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ வீட்டில் சொல்லித்தரும் டீச்சர். இல்லையென்றால் சென்னையிலிருந்து வீடியோவில் வகுப்பெடுக்கும் வித்வான். யூடியூபை மட்டும் பார்த்துக் கற்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தப்பாகப் பாடினால் அது திருத்தாது.

பாடம் எங்கே போனாலும் ஒன்றுதான். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறைப்படி மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று சுரப் பயிற்சிகள், அப்புறம் மலஹரி ராகத்தில் கீதம் என்ற எளிய பாட்டு. திருத்துவதில்தான் வித்தியாசம். மாயாமாளவகௌளையில் 'ரி' ஸட்ஜத்தை ('ஸ') ஒட்டி நிற்கும், 'க' மத்யமத்தை ('ம') ஒட்டி நிற்கும், நடுவில் பெரிய இடைவெளி. பிள்ளைகள் 'ரி'யைக் கொஞ்சம் தூக்கிவிடுவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் டீச்சர் அங்கேயே நிறுத்தி, கூடவே பாடி, சுரத்தை இறக்கிவிடுவார். வீடியோவில் சேர்ந்து பாடவே முடியாது, சத்தம் தாமதமாக வரும். ஆதி தாளம் போட்டால் அவர் தட்டு ஒரு பக்கம், பிள்ளையின் தட்டு ஒரு பக்கம். வேகம் கூடிய மூன்றாம் காலத்தில் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, சுருதிக்காகப் பின்னால் ஒலிக்கும் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து செயலியே அமுக்கிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' போட்டால்தான் ஒழுங்காகக் கேட்கும்.

அதற்காக வீட்டு வகுப்பெல்லாம் உசத்தி என்று இல்லை. ஏழெட்டுப் பிள்ளைகளை ஒரே கட்டையில், அதாவது ஒரே சுருதி உயரத்தில், பாடவைப்பார்கள். ஐந்து கட்டை ஒருத்திக்குச் சுகமாக இருக்கும், பக்கத்தில் இருப்பவளுக்கு மேல் ஸட்ஜத்தில் தொண்டை கிழியும். வீடியோவில் தனி வகுப்பு என்றால் அவரவர் சுருதி. கட்டணம் பெரும்பாலும் அங்கே கூடுதல்தான். ஆனால் காட்பாடியிலிருந்து சாயங்காலம் பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்று, முக்கால் மணி நேர வகுப்புக்குப் போய்வருவதும் சும்மா இல்லை. குடியாத்தம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஏழு தாள அலங்காரம் மூன்று காலத்திலும் நிற்கும்வரை நேர் வகுப்பு. வர்ணம் என்ற அடுத்த கட்டப் பாடத்துக்கு வந்தபின் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது), பாணி என்று விஷயம் நுணுக்கமாகும். அதைச் சொல்லித்தர ஆள் உள்ளூரில் அமையாவிட்டால் தாராளமாக வீடியோவுக்கு மாறலாம். அதற்குள் சுருதி காதில் ஏறியிருக்கும், தாமதமும் அவ்வளவு தொந்தரவு செய்யாது.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். சுருதிப் பெட்டி போடாமலே பாடம் ஆரம்பித்தால் வேறு டீச்சரைத் தேடுங்கள்.