'ஜெட் மாடல்' வேன் இன்டீரியர்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் 'பிரைவேட் ஜெட் மாடல்' என்று சொல்லி ஒரு டூரிஸ்ட் வேனுக்கு இன்டீரியர் செய்து கொடுத்திருக்கிறார்கள். க்ரீம் கலர் சீட், கூரை முழுக்க எல்இடி, மரக் கலர் பேனல். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, வண்டி ரிப்பேருக்கு எங்களிடம் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்ததை அப்படியே எழுதுகிறோம்.

"ஃபிளைட்ல போடுற துணி" என்பது முதல் பொய். பயணிகள் விமானத்தின் சீட் துணியைத் தொங்கவிட்டு 12 விநாடி தீ காட்டுவார்கள். தீயை எடுத்த பிறகு 15 விநாடிக்குள் அது தானாக அணைய வேண்டும். வேனுக்கு ஐஎஸ் 15061 (வண்டி உள்புறப் பொருள் எளிதில் தீப்பிடிக்காது என்பதற்கான இந்தியத் தரம்) சான்று இருந்தால் போதும். இந்த வண்டியில் எதற்கும் சான்று இல்லை. ஒரு துண்டை வெளியே வைத்துக் கொளுத்தினால் நிற்காமல் எரிந்து உருகிச் சொட்டுகிறது.

ஃபோம் 40 டென்சிட்டி (ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ) என்று சொல்லி 23 வைத்திருக்கிறார்கள். தராசில் வைத்தாலே குட்டு வெளிப்படும். 20-க்கு 20 இஞ்ச், 4 இஞ்ச் கனத்தில் 40 டென்சிட்டி என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கணும். இது 600 கிராம். எடை சரியாக இருந்தும் உள்ளே கலர் கலராகத் துணுக்குகள் தெரிந்தால், அது கழிவை அமுக்கி ஒட்டிய பாண்டட் ஃபோம்.

'லெதர்' என்று விற்றது பியூ (பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல்). நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, உப்புக்காற்றும் உண்டு. இந்த ஈரத்தில் பியூ செதில் செதிலாக உரியும். கனமான பிவிசி ரெக்சின்தான் தாங்கும். க்ரீம் கலர் வேண்டவே வேண்டாம். மண்டல சீசனில் சபரிமலை ஓட்டம் போனால் கறுப்பு வேட்டிச் சாயம் சீட்டில் ஏறிவிடும், பிறகு துடைத்தாலும் போகாது.

இதெல்லாம் பண நஷ்டம். சீட் பொருத்தியதுதான் உயிர் விஷயம். கனமான கேப்டன் சீட்டை (கைப்பிடி வைத்த தனி சீட்) வெறும் தரைத் தகட்டில் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். சடன் பிரேக் போட்டால் ஆளோடு பிய்ந்து வரும். போல்ட் தலையில் 8.8 என்ற வலிமை கிரேடு இருக்கணும், தகட்டுக்கு அடியில் பேக்கிங் பிளேட் (போல்ட் பிய்ந்து வராமல் தாங்கும் கனமான தகடு) இருக்கணும். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து நீங்களே பாருங்க.

வயரிங்கும் அதே லட்சணம்தான். 120 வாட் எல்இடி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதை ரூம் லைட் வயரில் கொடுத்து, ஃபியூஸ் போகப் போகப் பெரிய ஃபியூஸ் மாட்டியதில் கூரைத் துணிக்குப் பின்னால் வயர் கருகியிருந்தது. பேட்டரியிலிருந்து தனி லைன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், ஒரு ரிலே (அதிகக் கரண்ட் சுவிட்ச் வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும் மின் சுவிட்ச்). இதைக் குறைக்கவே விடாதீங்க.

சீட் எண்ணிக்கை ஆர்சியோடு ஒத்துப்போகாவிட்டால் எஃப்சியில் (தகுதிச் சான்று சோதனையில்) மாட்டும், இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும். ஆர்டிஓ அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்க.

'முழு செட்' என்று ஒற்றை வரியில் பில் எழுத விடாதீங்க. ஃபோம் டென்சிட்டி, ரெக்சின் வகை, போல்ட் கிரேடு எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பிரித்த ஃபோம், ஸ்க்ரூ எதையும் தூக்கிப் போடாதீங்க, போட்டோவும் எடுத்து வையுங்க. சொந்தப் பிழைப்புக்கு வேன் ஓட்டுபவர் இரண்டு வருஷத்துக்குள் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணியும் புகார் பதியலாம்.