விண்டோஸில் சும்மா கிடைப்பதற்கு 3,800 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்

இன்று மதியம்தான் ரிச்சி தெருவிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். வயிறு எரிகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரையே வைஃபை ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காசை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு நெட் ஒயர் நேராக டெஸ்க்டாப்பில்தான் செருகியிருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் போனில் பாட வீடியோ பார்க்க வேண்டும். சாயங்காலத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். ரவுட்டர் வாங்கத்தான் போனேன். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சின்னக் கடை. "ரவுட்டர் எதுக்குக்கா தண்டச் செலவு? கரன்ட் வேற இழுக்கும். உங்க கம்ப்யூட்டர்லயே வைஃபை வர வச்சிடலாம்" என்றார் கடைக்காரர். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். கடைக் கம்ப்யூட்டரில் கட்டைவிரல் நகம் அளவு வைஃபை அடாப்டரைச் செருகி, என் போனை வாங்கி இணைத்தே காட்டினார். வைஃபை குறி வந்ததும் நம்பிவிட்டேன். கண்ணெதிரே வேலை செய்வதை எப்படிச் சந்தேகப்படுவது?

அடாப்டர் 1,200, சாஃப்ட்வேர் லைசென்ஸ் 2,100, பையன் வீட்டுக்கு வந்து போட்டுத்தர 500. ஆக 3,800 ரூபாய்.

சரியாகப் பதினைந்தாம் நாள் நெட் நின்றது. திரையில் 'டிரையல் முடிந்தது, பணம் கட்டவும்' என்று ஒரு கட்டம். போன் செய்தால் "பையன் வருவான்க்கா". வரவில்லை. அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் போனையே எடுக்கவில்லை. இன்று நேரில் போனால், ஸ்டூல் போட்ட அதே மனிதர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "சாஃப்ட்வேருக்கெல்லாம் வாரன்டி கிடையாது. பில் இருக்கா?" என்கிறார். அன்று அவர் கொடுத்தது 3,800 என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. அதே அடாப்டர் நாலு கடை தள்ளி 450 ரூபாய்.

இதைவிடக் கொடுமை வீட்டில் காத்திருந்தது. அக்கா பையன் வந்து விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்ற பட்டனைத் தட்டினான். மகள் போனில் நெட் வந்துவிட்டது. "சித்தி, 2016 அப்டேட்ல இருந்தே விண்டோஸ் 10-ல இது இருக்கு. எட்டு போன் வரைக்கும் சேர்க்கலாம்" என்றான். பழைய விண்டோஸ் 7-இல்கூடச் சில கட்டளைகள் அடித்து இதைச் செய்யலாமாம். 2,100 ரூபாய் லைசென்ஸ் எதற்கு? அதோடு, போனில் நெட் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரவுட்டரா அதைவிடக் கரன்ட் இழுக்கும்? அந்த 3,800 ரூபாய்க்கு இரண்டு ரவுட்டர் வாங்கியிருப்பேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஹாட்ஸ்பாட் சாஃப்ட்வேருக்குப் பணம் கொடுக்காதீர்கள். லேப்டாப் என்றால் பெரும்பாலும் அடாப்டரே வேண்டாம், வைஃபை உள்ளேயே இருக்கும். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் நகராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது அதற்குத்தான் போன் போடப் போகிறேன்.