யூஸ்தெனாப்டெரானும் டிக்டாலிக்கும்: எதிலிருந்து தொடங்குவது?

மீனின் துடுப்பு காலாக மாறிய வரலாற்றைக் கற்க விரும்புவோருக்கு இரண்டு புதைபடிவங்கள் முதன்மையானவை. கனடாவின் கியூபெக் மாகாணத்து மிகுவாஷா பாறைகளில் கிடைத்து, 1881இல் பெயரிடப்பட்ட யூஸ்தெனாப்டெரான் ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதே நாட்டின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட டிக்டாலிக்கின் வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள்.

மேற்கை எலும்பு ஒன்று, அதைத் தொடர்ந்து முன்கை எலும்புகள் இரண்டு என்னும் அமைப்பு இரண்டின் துடுப்பிலும் உண்டு. ஆயினும் யூஸ்தெனாப்டெரான் முழுக்க நீரில் வாழ்ந்த வேட்டை மீனே. பழைய ஓவியங்கள் அதைக் கரையேற்றிக் காட்டியது மிகை என்றே கருதுகிறேன். டிக்டாலிக்கிலோ செவுள்மூடி எலும்புகள் மறைந்து, தலை தோளிலிருந்து விடுபட்டுக் கழுத்து உருவாகி, தட்டையான தலையின் மேற்புறம் கண்கள் அமைந்து, உடலைத் தாங்கி உந்தத்தக்க மணிக்கட்டு போன்ற மூட்டும் துடுப்பில் தோன்றிவிட்டது.

நுணுக்கமான உடற்கூற்றைக் கற்பதற்கு, ஸ்வீடன் நாட்டுப் புதைபடிவ ஆய்வாளர் எரிக் யார்விக் மண்டையோட்டை அடுக்கடுக்காகத் தேய்த்துப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த யூஸ்தெனாப்டெரானுக்கு ஈடில்லை. மாற்றத்தின் போக்கை விரைவில் உணர டிக்டாலிக்கே பொருத்தம். ஆனால், ஒன்றை மற்றொன்றின் நேரடி மூதாதையாகக் கொள்ளக்கூடாது. இரண்டும் நாற்கால் விலங்குகளின் மரபுக்கு அருகில் பிரிந்த தனித்தனிக் கிளைகள்.