ரப்பர் தோட்டத்து வீட்டில் ஃபைபர் நெட்: சில வருஷ அனுபவம்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே எங்கள் வீடு. முன்பெல்லாம் மொபைல் நெட்தான், தினம் 1.5 ஜிபி. வாட்ஸ்அப்புக்கும் கோட்டயம் ரப்பர் விலை பார்க்கவும் அது தாராளம். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்றால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் வேகம் 64 கேபிபிஎஸ்தான். ஒரு எம்பி போட்டோ இறங்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023இல் மத்திய அரசே சொல்லியிருக்கிறது. அதில் முப்பதில் ஒரு பங்குகூட இது தேறாது.

இப்போது ஃபைபரில் மாதம் 3300 ஜிபி. நாளுக்கு 110 வருகிறது. வீடே சேர்ந்து சினிமா பார்த்தாலும் தீராது. அதனால் புதிதாக லைன் எடுப்பவர்கள் ‘எத்தனை ஜிபி?’ என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். கேபிள் எந்த வழியாக வருகிறது, அறுந்தால் யார் வருவார், இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஜூன் காற்றில் ரப்பர் கொம்பு முறிந்து கேபிள்மேல் விழும். மோடத்தில் சிவப்பு லைட் எரியும். ஆப்பில் புகார் கொடுத்தால், ஆளே வராமல் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மெசேஜ் வரும்! ஏரியா கேபிள்காரத் தம்பியை நேரில் கூப்பிட்டால்தான் காரியம் நடக்கும். மழையில் நான் குடை பிடிக்க, அவர் கேபிளுக்குள் இருக்கும் முடி போன்ற கண்ணாடி இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, மெஷினில் வைத்து ஒட்டுவார். அந்த இழைக்குள் நெட் வெளிச்சமாகத்தான் ஓடிவருகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் அந்த வெளிச்சம் கொஞ்சம் குறையும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரில் -21 காட்டிய லைன், ஒட்டு ஏற ஏற -26க்கு வந்துவிட்டது. -27 தாண்டினால் மோடம் திணறத் தொடங்கும். போஸ்டிலிருந்து வீடு வரைக்கும் புது வயர் இழுக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். அதற்குப் பிறகு தொல்லை பாதியாகக் குறைந்தது.

கரண்ட் தனிக்கதை. கோதையாறு மின்நிலையம் பக்கத்தில்தான். ஆனாலும் மழை இருட்டினாலே இங்கே கரண்ட் போய்விடும். மோடத்துக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி வைத்தேன், உருப்படியான செலவு. ஆனால் கேபிள்காரர் பக்கம் இருக்கும் பேட்டரி இறங்கிவிட்டால் நம் யூபிஎஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. அதற்காகவே மொபைல் ரீசார்ஜை இன்னும் விடவில்லை.

வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை உண்டு. நான் மாதாமாதம்தான் கட்டுகிறேன். லைன் அறுந்து கிடந்த நாட்களுக்கு எனக்கு யாரும் காசு கழித்ததில்லை.