செபென்சாவா, பாரா மிலிட்டரியா? கழற்றித் துடைக்கும் நாளில் தெரியும் வித்தியாசம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா 31 மடக்குக் கத்தியை, பெரிய அளவில் வாங்கினேன். அதற்கு முன்பு ஐந்தாறு ஆண்டுகள் ஸ்பைடர்கோவின் பாரா மிலிட்டரி 2 தான் என் கால்சட்டைப் பையில் இருந்தது. இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. செபென்சாவுக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு பாரா மிலிட்டரி வாங்கியிருக்கலாம். அட்டைப்பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க இவ்வளவு விலையில் ஒரு கத்தி தேவையா என்றால் தேவையில்லை. மரப்பிடி போட்ட ஓப்பினல் எட்டாம் எண் கத்தியே அந்த வேலைகளை அழகாகச் செய்யும். ஆனால் ஒரு கத்தியைப் பல காலம் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவருக்கு நான் செபென்சாவைத்தான் சொல்வேன். கூர்மைக்காகவோ தோற்றத்துக்காகவோ அல்ல. கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுகிற அந்த ஒரு வேலைக்காக.

வெட்டும் திறனைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. இரண்டுமே நன்றாக வெட்டும். பாரா மிலிட்டரியின் அலகு ஏறக்குறைய 87 மில்லிமீட்டர், செபென்சாவின் அலகு 92. முன்னது சுமார் 110 கிராம், பின்னது 130 கிராமுக்குச் சற்று மேல். செபென்சாவின் கைப்பிடி டைட்டானியம்; டைட்டானியம் என்றாலே இறகு போல இருக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். எஃகைவிட அது இலேசானதுதான், எடை ஏறக்குறைய அதில் அறுபது விழுக்காடுதான். ஆனால் இரண்டு பக்கமும் கெட்டியான டைட்டானியப் பலகையாக இருக்கும்போது, கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த பாரா மிலிட்டரியின் ஜி-10 கைப்பிடியை எடையில் வெல்ல முடியாது.

பிறகு எதற்கு டைட்டானியம்? முதலில், துருப்பிடிக்காது. வியர்வை, மழை, எலுமிச்சைச் சாறு எதற்கும் அசையாது. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் குளிர்ந்த காலையில் அலுமினியம் போல உள்ளங்கையைச் சில்லிட வைக்காது. எல்லாவற்றையும்விட, வளைத்தால் வளைந்து, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் வில்குணம் அதற்கு உண்டு. திறந்த அலகு மடங்கிவிடாமல் நிறுத்தும் பூட்டின் ரகசியம் அதில்தான் இருக்கிறது. மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர், கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு விரிந்து வந்து அலகின் அடியில் முட்டி நிற்கும் லைனர் லாக்கைச் செம்மைப்படுத்தினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ், தனித் தகடே வேண்டாம், கைப்பிடியின் ஒரு பக்கத்தையே அறுத்து வில்லாக்கிவிடலாம் என்று செய்துகாட்டினார். இன்று ஃப்ரேம் லாக் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். செபென்சா என்ற ஜூலு மொழிச் சொல்லுக்கு வேலை என்று பொருள்.

டைட்டானியத்துக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. எஃகோடு அழுந்தி உரசினால் ஒட்டிக்கொள்ளும். நான் முதன்முதலில் வாங்கிய டைட்டானியக் கத்தியில் இதை நன்றாகவே அனுபவித்தேன்; யார் செய்த கத்தி என்பது இங்கே தேவையில்லை. சற்று வேகமாகத் திறந்துவிட்டால் பூட்டு அலகின் அடியைக் கவ்விக்கொள்ளும். விடுவிக்கக் கட்டைவிரல் நோக அழுத்த வேண்டும். பூட்டுமுனையில் பென்சிலைத் தேய்த்தால் நாலு நாள் சரியாக இருக்கும், பிறகு மறுபடி கவ்வும். செபென்சா 31இல் பூட்டுமுனையில் ஒரு செராமிக் குண்டைப் பதித்திருக்கிறார்கள். எஃகைத் தொடுவது அந்தக் குண்டுதான், டைட்டானியம் அல்ல. மூடிய அலகு தானாகத் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும் அதே குண்டு. இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அது ஒட்டவில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

மடக்குக் கத்தியில் அழுக்குச் சேரும் இடம், அலகு சுழலும் அச்சு. ஒட்டுநாடாவின் பசை, பழச்சாறு, பையிலிருக்கும் நூல்தூசி, மணல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போய் அடைந்துகொள்ளும். வெந்நீரில் அலசி எண்ணெய் விட்டால் பாதிதான் வெளியே வரும். மீதியை எடுக்க வேண்டுமானால் கத்தியைப் பிரிக்கத்தான் வேண்டும். பிரிப்பது எந்தக் கத்தியிலும் கடினமல்ல. திரும்பப் பூட்டுவதில்தான் ஒவ்வொன்றின் தன்மையும் தெரிகிறது.

பெரும்பாலான மடக்குக் கத்திகளைப் போலவே பாரா மிலிட்டரியிலும் அச்சுத் திருகின் இறுக்கம்தான் அலகின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு நூல் கூடினால் அலகு நகர மறுக்கும்; ஒரு நூல் குறைந்தால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவே சரியான இடம் ஒன்று இருக்கிறது, அது குறுகலானது. அதைக் கண்டுபிடித்த பிறகு, மூடிய அலகு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கைப்பிடித் திருகுகளைத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். அச்சைத் தன் கைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு இந்த அமைப்புத்தான் வசதி. என் முதல் டைட்டானியக் கத்தியிலும் இதே அமைப்புத்தான். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து திருகைக் கால் சுற்றுக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, கடைசியில் வாங்கிய நாளின் ஓட்டம் திரும்பாமலே எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கத்தியைப் பிரிக்கவே மனம் வரவில்லை. பிரிக்காததால் அழுக்கு ஏறியது. அழுக்கு ஏறியதால் பயன்படுத்துவது குறைந்தது.

செபென்சாவில் அச்சுத் திருகைச் சுற்றிப் புஷ் என்ற குட்டி உலோகக் குழாய் ஒன்று இருக்கிறது. அலகின் தடிமனையும் இரண்டு பக்கத்து வெண்கல வாஷர்களின் தடிமனையும் கூட்டினால் என்ன வருமோ, அதைவிட மயிரிழை அதிகம் இந்தப் புஷ்ஷின் நீளம். திருகை எவ்வளவு இறுக்கினாலும் கைப்பிடியின் இரண்டு பக்கமும் புஷ்ஷின் மேல் போய்த்தான் இறுகும். அலகு நெருக்கப்படாமல் புஷ்ஷைச் சுற்றித் தன் போக்கில் சுழலும். ஆகவே சரியான இறுக்கத்தைத் தேடும் வேலையே இல்லை. திருகு நிற்கும் வரை முடுக்கினால் போதும். ஆட்டமும் இருக்காது, பிடித்தமும் இருக்காது, அலகு நடுவில் நிற்கும். கேட்பதற்கு எளிய ஏற்பாடு. ஆனால் புஷ், வாஷர், அலகு மூன்றின் அளவும் அவ்வளவு துல்லியமாக அமைந்தால்தான் இது நடக்கும். விலையில் பெரும்பங்கு இங்கேதான் போயிருக்கிறது என்பது என் கணிப்பு.

பல தயாரிப்பாளர்கள் வாடிக்கையாளர் கத்தியைப் பிரிப்பதை விரும்புவதில்லை. கிறிஸ் ரீவ் நிறுவனத்தினர் அறுகோணச் சாவியையும் கிரீஸ் குழாயையும் பெட்டியிலேயே வைத்துத் தருகிறார்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு முறை பிரித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம். பாகங்களை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, நன்றாக உலரவிட்டு, வாஷர்களில் பெயரளவுக்குக் கிரீஸ் தடவி, கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் அடுக்கினால் முடிந்தது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அலகு தளர்ந்து கையில் நிற்கும் நேரம் என்பதால், தொடங்கும் முன்பே வெட்டுவிளிம்பின் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். வாஷர்கள் மெல்லியவை, அவற்றை மடங்கவிடாமல் துடையுங்கள். வளைந்த வாஷர் போட்டால் எந்தப் புஷ்ஷாலும் காப்பாற்ற முடியாது. கடைசித் திருகு நின்றதும் அலகைத் திறந்து பார்க்கும்போது, வாங்கிய நாளில் கட்டைவிரலுக்குக் கிடைத்த அதே வழுக்கலான, சீரான ஓட்டம் கிடைக்கும். அந்த நிச்சயம் இருப்பதால்தான் ஒட்டுநாடா, மாம்பழம், ஈரமண் எதிலும் இந்தக் கத்தியைத் தயங்காமல் இறக்குகிறேன்.

பாரா மிலிட்டரிக்கு நியாயம் செய்ய வேண்டும். கம்ப்ரஷன் லாக் எனப்படும் அதன் பூட்டு கைப்பிடியின் முதுகுப்பக்கம் இருக்கிறது. மூடும்போது அலகு வரும் வழியில் எந்த விரலும் நிற்பதில்லை. ஃப்ரேம் லாக்கில் கட்டைவிரல் ஒரு கணம் அந்த வழியில்தான் நிற்கிறது; முதல்முறை மடக்குக் கத்தி வாங்குபவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. அலகிலுள்ள வட்டத்துளை கையுறை போட்ட விரலுக்கும் சிக்கும். கை ஈரமாக இருந்தால் சொரசொரப்பான ஜி-10 தரும் பிடிமானத்தை மணல்வீச்சுச் செய்த டைட்டானியம் தராது. மீன் சுத்தம் செய்யவும், தொலைந்தாலும் பரவாயில்லை என்ற பயணங்களுக்கும் நான் இன்றும் அதைத்தான் எடுத்துப் போகிறேன்.

செபென்சா வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறைகள் மூன்று. முதல் வாரம் திறக்கவே வரவில்லை என்பார்கள். வலது கையால் திறக்கும்போது மற்ற விரல்கள் தம்மை அறியாமல் பூட்டை அழுத்துகின்றன. அழுத்தினால் செராமிக் குண்டு அலகை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். விரல்களைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கப் பழகினால் சரியாகிவிடும். அடுத்தது கீறல். மங்கலான சாம்பல் நிறக் கைப்பிடியில் சாவியோ நாணயமோ உரசினால் வெள்ளிக் கோடுகள் விழும். இவற்றை நத்தைத் தடம் என்றே அழைக்கிறார்கள். என்னுடையதில் நிறைய இருக்கின்றன, அழிக்க முயலவில்லை.

மூன்றாவது எஃகு. எஸ்30வி எஃகு உருவானதிலேயே ரீவுக்குப் பங்கு உண்டு. ஆனாலும் பழைய செபென்சாக்களின் அலகை ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் 60ஐ ஒட்டி, சற்று மென்மையாகவே பதப்படுத்தினார்கள், கூர் சீக்கிரம் மழுங்குகிறது என்ற பேச்சு நெடுநாளாக இருந்தது. என்னுடையது மேக்னகட் அலகு. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் வெளிவந்த எஃகு இது. இதை 63 முதல் 64 வரை கடினமாக்குகிறார்கள். மாதம் ஒருமுறை வைரத்தூள் சாணையில் சில இழுப்புகள் எனக்குப் போதுமானதாக இருக்கின்றன. எஸ்30விக்கு அடுத்து வந்த எஸ்35விஎன் எஃகில் செய்த பழைய அலகை நான் சொந்தமாக வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அந்தக் குறையை என் அனுபவமாகச் சொல்ல முடியாது.

ரிக் ஹிண்டரர் என்ற கத்தித் தயாரிப்பாளரின் எக்ஸ்எம்-18 மடக்குக் கத்தி எப்படி என்றும் கேட்பார்கள். நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கி ஒரு வாரம்தான் வைத்திருந்தேன். முரட்டு வேலைக்கென்றே செய்த கனமான கத்தி. பூட்டு அளவுக்கு மீறி வெளியே வளைந்துவிடாமல் தடுக்கும் வட்டத் தகடு ஹிண்டரரின் யோசனை; நல்ல யோசனை. அச்சில் வெண்கல வாஷர், டெஃப்லான் வாஷர், பேரிங் மூன்றில் எதை வேண்டுமானாலும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பேரிங்கின் வேகம் கைக்கு இதமாக இருந்தது. மணல் புகுந்தால் வாஷர் அளவுக்கு அது பொறுத்துப் போகுமா என்பது என் சந்தேகம். ஒரு வாரத்தில் அதைப் பிரித்துப் பூட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் சாதாரண ஃப்ரேம் லாக்கை வாங்கிச் சமாளிக்க முயல வேண்டாம். செபென்சா, பாரா மிலிட்டரி இரண்டுக்குமே இடதுகைப் பதிப்பு உண்டு. பழைய செபென்சா கைக்கு வந்தால், உடன் வரும் பெட்டியில் தயாரித்த தேதி எழுதிய சிறு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு விற்க நேர்ந்தால் அடுத்தவர் முதலில் கேட்பது அதைத்தான்.