மதுரையில் சுவர் விளம்பரம்: எழுத்து அருமை, சுவர் சுமார், வாசகம்தான் கோளாறு

மதுரையிலிருந்து எந்தச் சாலையில் வெளியேறினாலும் சுவர்கள் பேசிக்கொண்டே வரும். மேலூர் ரோடு, தேனி ரோடு, திருமங்கலம் ரோடு, அலங்காநல்லூர் ரோடு எல்லாவற்றிலும் சிமென்ட், கம்பி, வேட்டி, நகைக்கடை, பள்ளிக்கூடம் என்று மஞ்சளில் கறுப்பும் நீலத்தில் வெள்ளையுமாக எழுதிவைத்திருக்கிறார்கள். சுவர் பிடிப்பது, வெள்ளையடிப்பது, எழுதுவது, முடிந்ததும் போட்டோ அனுப்புவது என்று எல்லாவற்றையும் ஒரே கையாகச் செய்துகொடுக்கும் ‘ஆர்ட்ஸ்’ கடைகளும் ஆட்களும் ஊரில் நிறைய உண்டு. இது தனியொரு கடையைப் பற்றிய விமர்சனம் அல்ல. சொந்தக் காசைப் போட்டு ஐந்தாறு சுவர் எழுத நினைக்கும் சிறு வியாபாரிக்கு இந்தச் சேவையில் எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்று பார்ப்போம்.

முதலில் பாராட்டு. கை எழுத்தில் மதுரை ஆர்ட்டிஸ்டுகளைக் குறை சொல்லவே முடியாது. நூலில் பொடி தடவி இழுத்துச் சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் தட்டைப் பிரஷ்ஷால் ‘ழ’வின் வயிற்றை ஒரே இழுப்பில் வளைத்துக் கொண்டுவருவார்கள். கம்ப்யூட்டர் எழுத்துருவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ‘ஞ’வும் ‘ண’வும் இவர்கள் கையில் மூச்சுவிடும். இந்தத் திறமைக்குத் தயங்காமல் காசு கொடுக்கலாம்.

கணக்குப் போடும் விதத்தில்தான் வாடிக்கையாளர் ஏமாறுகிறார். சேவை சதுர அடிக்கு விலை பேசுகிறது. பத்துக்கு இருபது சுவர் என்றால் 200 சதுர அடி. ஆனால் அந்தச் சுவரை வண்டியில் போகிறவர் எத்தனை விநாடி பார்க்கிறார் என்பதை யாரும் பேசுவதில்லை. வாங்க வேண்டியது அந்த விநாடிகளைத்தான்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 55 அடி நகர்கிறது. ஒரு சுவரைக் கண்டு, படித்து, மனதில் வாங்க குறைந்தது மூன்று விநாடி வேண்டும். அப்படியென்றால் 165 அடி தள்ளியிருக்கும்போதே எழுத்து தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டு எழுதும் தொழிலில் பழகிவந்த கணக்கு. அதன்படி எழுத்து 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தமிழில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’யின் கொக்கியும், கீழே ‘கு’, ‘கூ’வின் வாலும் இடம் கேட்கும். எனவே 16 அங்குல எழுத்துக்கு வரி ஒன்றுக்கு இரண்டடி ஒதுக்க வேண்டும். பத்தடி உயரச் சுவரில் அடியிலிருந்து இரண்டரை அடி பயன்படாது. அங்கே பைக் நிற்கும், சேறு தெறிக்கும், யாராவது நோட்டீஸ் ஒட்டுவார்கள். மீதி ஏழரை அடியில் மூன்று வரிதான் நிற்கும்.

அந்த மூன்று வரியில் ஏழு வரி எழுதித் தரச் சொல்லுகிறோம், அவர்களும் மறுக்காமல் எழுதித் தருகிறார்கள். “எங்களிடம் அனைத்து விதமான எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்கள் மொத்தமாகவும் சில்லறையாகவும் நியாயமான விலையில் கிடைக்கும்” என்று ஒரு மேட்டர், அதற்குக் கீழே முழு முகவரி, மூன்று செல் நம்பர், பிள்ளையார் படம், முதலாளி படம். சுவர் நிறைந்துவிடும், கடையின் பெயர் மட்டும் யார் கண்ணிலும் படாது. அதே சுவரில் ‘கல்யாணச் சீர்ப் பாத்திரம்’ என்று ஒரு வரி, கடைப் பெயர் ஒரு வரி, ‘விளக்குத்தூண் அருகில்’ என்று ஒரு வரி. இவ்வளவு போதும். மதுரைக்காரருக்கு விளக்குத்தூண், யானைக்கல், சிம்மக்கல், தெப்பக்குளம் என்று சொன்னாலே வழி தெரியும். கதவு எண்ணைச் சுவரில் எழுதி யாரும் வந்து சேர்ந்ததில்லை. நல்ல ஆர்ட்டிஸ்ட் “அண்ணாச்சி, ரெண்டு வரியைக் குறைங்க” என்று சொல்ல வேண்டும். சதுர அடிக்குக் கூலி வாங்குகிறவர் அதைச் சொல்ல மாட்டார். மேட்டரைச் சுருக்கித் தருவதற்கென்று தனியாக ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள், கேட்டால் செய்கிறார்கள்.

மனதில் நிற்கும் வாசகம் எப்படி இருக்கும் என்பதற்கு வானொலிக் காலத்து விளம்பரங்களே பாடம். துணி வெளுக்கும் ரீகல் சொட்டு நீலத்தின் ‘சொட்டு நீலம் டோய்’ விளம்பரத்தை இன்னும் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்த ‘டோய்’. தெருவில் ஒரு பையன் இன்னொரு பையனைக் கூப்பிடும் சொல் அது, எந்த விளம்பர நிறுவனமும் உட்கார்ந்து தயாரிக்காத பேச்சு. இலங்கை வானொலியில் கேட்ட கோபால் பல்பொடி விளம்பரம் நாடுகளின் பெயரை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும். அந்த அடுக்கு ஒரு தாளம், தாளம் வந்தால் நாக்கு தானே திரும்பச் சொல்லும். சுவருக்குப் பாடத் தெரியாது என்பதால், படிக்கிறவர் வாயில் ஓசை எழுகிற மாதிரி வரி அமைய வேண்டும். மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு ‘தரமான சேவை, நம்பகமான நிறுவனம்’ என்று எழுதுவதைவிட ‘மோட்டார் ஓடலையா? மேலூர் ரோட்டுக்கு வாங்க!’ என்பது ஆயிரம் மடங்கு மேல். இரண்டு இடத்தில் ‘ம’ வந்து இடிக்கிறது, கேள்வியும் பதிலும் இருக்கிறது, வழியும் சொல்லியாயிற்று. எதுகை மோனையில் ஊறிய மொழியைக் கையில் வைத்துக்கொண்டு ‘தரம் எங்கள் தாரக மந்திரம்’ என்று சுவருக்குச் சுவர் எழுதுவது வருத்தமாக இருக்கிறது. காதணி விழா போஸ்டருக்கே வாசகம் யோசிக்கிற ஊர் இது.

அடுத்து, எந்தச் சுவர். சாலைக்கு இணையாக ஓடும் நீளமான காம்பவுண்டுச் சுவரைத்தான் சேவைகள் முதலில் காட்டும், சதுர அடி அதிகம் என்பதால். ஓடும் வண்டியிலிருந்து அது சாய்வாகத் தெரியும், எழுத்துகள் நெருங்கிக் குறுகிப்போகும். வேறு வழியில்லாமல் அந்தச் சுவர்தான் என்றால், எழுத்தை அகலமாக்கி இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள். வளைவில் வண்டிக்கு நேர் எதிரே நிற்கும் சின்ன வீட்டின் பக்கச் சுவர் எட்டடிக்குப் பத்தடி இருந்தாலும் அதைவிட மதிப்பு கூடியது. வேகத்தடை, ரயில்வே கேட், டோல் வரிசை, பஸ் நிறுத்தம் என்று வண்டி தானாக மெதுவாகும் இடத்துக்கு எதிர்ச்சுவர் கிடைத்தால் கூடுதல் வாடகை கேட்டாலும் விடாதீர்கள்.

சாலை மாறினால் சுவரின் மதிப்பும் மாறும். தல்லாகுளம் பக்கமிருந்து நத்தம் சாலையின் மேல் போகும் 7.3 கி.மீ. உயர்மட்டப் பாலம் 2023-ல் திறந்தபின், வெளியூர் வண்டிகள் பாலத்தின் மேலேயே போய்விடுகின்றன. கீழேயுள்ள சுவர்களைப் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பகுதிக்காரர்கள். மருந்துக்கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் அந்தச் சுவர் இன்னும் நல்லது. வெளியூர்க்காரரை அழைக்கும் ஜவுளிக்கடைக்கு அங்கே எழுதினால் வீண். பழைய போட்டோவைக் காட்டி அந்தச் சுவர்களுக்குப் பழைய வாடகையே கேட்பவர்கள் உண்டு, நேரில் போய் அரைமணி நேரம் நின்று பாருங்கள். மாசி வீதிகள் போன்ற உள்நகர்ப் பகுதியில் கணக்கே வேறு. அங்கே கூட்டம் நடந்து போகிறது, எழுத்து ஆறு அங்குலம் இருந்தாலும் படிப்பார்கள். ஆனால் அங்கே சும்மா இருக்கும் சுவர் கிடைப்பது அரிது.

சுவர்க்காரரின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் ஒரு பிரஷ்கூட வைக்க விடாதீர்கள். திறந்தவெளி இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பாலத்தூண், அரசுப் பள்ளிச் சுவர், கண்மாய் மதகு, மலைப்பாறை, மரம் இவற்றில் ‘வாடகை இல்லாமல் எழுதித் தருகிறோம்’ என்று எந்த சேவை சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யானைமலைப் பக்கமும் கீழக்குயில்குடிப் பக்கமும் இருக்கிற பாறைகள் யாருடைய விளம்பரப் பலகையும் அல்ல. சம்மதத் தாளில் அளவு, எத்தனை மாதம், வாடகை, இடையில் வேறு ஒருவர் எழுதினால் யார் பொறுப்பு என்ற நான்கும் இருக்கட்டும். கட்சிக்காரர்கள் முன்பதிவு செய்து வைத்த சுவரா என்றும் கேட்டுவிடுங்கள்.

இனி வேலையின் அடிப்படை. இந்தச் சேவையின் பெரிய பலவீனம் இதுதான், சேதம் ஆறு மாதம் கழித்துத் தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. மதுரைச் சுவர் என்றால் போஸ்டர் ஒட்டாத சுவர் கிடையாது. போஸ்டரைக் கிழித்துவிட்டு அப்படியே வெள்ளையடிக்கிறார்கள், மைதாப் பசை அடியிலேயே தங்கிவிடுகிறது. முதல் மழையில் பசை ஈரம் வாங்கி உப்பும், பெயிண்ட் கொப்புளமாகக் கிளம்பும், ‘கடை’யில் ‘க’ மட்டும் உரிந்து விழும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பட்டித் தகட்டால் சுரண்டி, பிறகு கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி ஒருநாள் காயவிட வேண்டும்.

அதன் மேல் வெறும் சுண்ணாம்பா, எமல்ஷனா என்பது அடுத்த கேள்வி. சுண்ணாம்பு மலிவு, ஆனால் பொடியாக உதிரும். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அதன் மேல் எழுதும் எனாமல் அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது, சுவரை அல்ல. ஒரு சீசனுக்கு மட்டும் என்றால், ஆடித் தள்ளுபடி மாதிரி, சுண்ணாம்பே போதும். ஒரு வருடம் நிற்க வேண்டுமென்றால் வெளிப்புறச் சுவருக்கான பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட், அதன் மேல் எழுத்து. புதுப் பூச்சுச் சுவர் என்றால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும். பச்சைச் சிமென்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும், உப்பும் பூக்கும்.

நிறத்தில் சிவப்பை நம்பாதீர்கள். மேற்குப் பார்த்த சுவரில் மதுரை வெயிலுக்கு முதலில் வெளுப்பது மலிவான சிவப்புதான், அடுத்த சித்திரைக்குள் இளஞ்சிவப்பாகிவிடும். மஞ்சளில் கறுப்பு, வெள்ளையில் கருநீலம் இரண்டும் வெகுநாள் நிற்கும். ஷேடோ வேண்டுமென்றால் எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம் விழ வேண்டும், ‘ண’வின் சுழிக்குள் ஷேடோ போய் அடைக்கக் கூடாது. சுழிக்குள் இருக்கும் வெளி, கோட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருந்தால்தான் தூரத்திலிருந்து ‘ண’வும் ‘ன’வும் வேறு வேறாகத் தெரியும். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோல் எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. ‘பாரதி’ தூரத்தில் ‘பராதி’ ஆகிவிடுகிறது, இதையும் சொல்லிவையுங்கள். ஒற்று விடுவதும் நிறைய நடக்கிறது. மேட்டரை வாயால் சொல்லாமல் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்து, ஒரு தமிழாசிரியரிடம் காட்டியபின் கையில் தாருங்கள்.

பேனர், பஸ் பின்பக்கம், மைக் ஆட்டோ மூன்றையும் பலர் கேட்கிறார்கள். மைக் ஆட்டோ திறப்பு விழாவுக்கு மூன்று நாள் சரி. பஸ் பின்பக்கம் சிக்னலில் நிற்கும்போது நன்றாகப் படிக்கப்படும், புகையில் கறுத்துவிடுவதால் மாதம் ஒருமுறை துடைக்கும் பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அனுமதியில்லாத பேனர் வேண்டவே வேண்டாம். 2019-ல் சென்னையில் சாலையில் விழுந்த பேனரால் ஒரு இளம்பெண் உயிரிழந்தது போதும்.

வேலை முடிந்ததும் போட்டோ மூன்று கேளுங்கள்: கிட்டத்தில் ஒன்று, 150 அடி தள்ளி ஒன்று, எதிர்த்திசையிலிருந்து ஒன்று. கிட்டத்துப் போட்டோவில் எல்லாச் சுவரும் அழகாகத்தான் இருக்கும். செல் நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதச் சொல்லி, ஆர்ட்டிஸ்ட் ஏணியைவிட்டு இறங்குவதற்குமுன் தாளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து அந்த நம்பருக்குப் போன் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால் எழுதினால் தை மாதம் ஒருமுறை டச்-அப் இலவசம் என்று பேசி, கூலியில் கால்பங்கை அதுவரை நிறுத்திவையுங்கள். தை பிறந்து முதல் வாரத்தில் ஏணியோடு வந்து நிற்பார்கள்.